கோட்டிங் கரைஞ்சா இடுப்பு கழண்டுடுமா? – ஒரு வாசகியோட கடிதத்துக்கு பதில்

இந்தத் தடவை பதில் எழுதறது 64 வயசு அம்மா ஒருத்தரோட கடிதத்துக்கு. நாலு பக்கம் எழுதியிருக்காங்க, ஆள் யாருன்னு தெரியற மாதிரி இருந்ததையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடறேன். மூட்டுத் தேய்மானத்துக்காக 14 மாசம் முன்னாடி வலது இடுப்புல மாற்று ஆபரேஷன் நடந்திருக்கு, சிமெண்ட் (உலோகத்தை எலும்போட ஒட்ட வைக்கற பொருள்) போடாத டைட்டானியம் ஸ்டெம், அதாவது தொடை எலும்புக்குள்ள செருகற உலோகத் தண்டு, அதுமேல ஹைட்ராக்ஸிஅபடைட்ங்கற கனிமக் கோட்டிங். ஆரம்பத்துல நல்லாவே நடந்திருக்காங்க. ஒரு வருஷ செக்கப்ல எடுத்த எக்ஸ்ரே ரிப்போர்ட்ல "ஸ்டெம்முக்கு மேல்பக்கம், உள்புறமா எலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்கு"ன்னு ஒரு வரி இருந்திருக்கு. அதைப் படிச்சு பயந்துபோய் விசாரிச்சப்போ சொந்தக்காரர் ஒருத்தர் "அந்தக் கோட்டிங் கொஞ்ச வருஷத்துல கரைஞ்சு போயிடும், அப்புறம் உலோகம் தனியா ஆடும்"னு சொல்லிட்டார். அன்னையிலிருந்து நடையை பாதியா குறைச்சாச்சு, வலது கையில கைத்தடி மறுபடி வந்தாச்சு. எலும்பு பலவீனத்துக்கு நாலு வருஷமா வாரம் ஒண்ணு போட்டுட்டிருந்த அலெண்ட்ரோனேட் மாத்திரையையும், அது எலும்பு ஒட்டறதைத் தடுக்கும்னு யாரோ சொன்னதால டாக்டர்கிட்ட சொல்லாமலே அஞ்சு மாசமா நிறுத்தியிருக்காங்க. உக்காந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது வலது தொடை நடுவுல ஒரு வலி இருக்காம். இடது இடுப்பும் தேஞ்சுட்டு வருதாம்.

அவங்க கேக்கறது மூணு விஷயம். இந்த ஸ்டெம்மை இப்பவே எடுத்துட்டு சிமெண்ட் வச்சது போட்டுக்கலாமா? இடது பக்கத்துக்கு விலை கூடின டாண்டலம்ங்கற உலோகம் மாதிரி ஏதாவது கேட்டு வாங்கணுமா? கோட்டிங் பத்தி ஆபரேஷனுக்கு முன்னாடி யாருமே சொல்லலையே, அது சரியா?

அம்மா, முதல்ல உங்க பயத்துக்கு பதில் சொல்லிடறேன், விளக்கம் அப்புறம். கோட்டிங் கரையறதால உங்க ஸ்டெம் கழண்டு வராது. நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா அதை எடுக்கறதுக்கு இப்போ எந்தக் காரணமும் எனக்குத் தெரியல. ஆனா உங்க கடிதத்துல என்னைக் கவலைப்படுத்தினது நீங்க கேள்வியாவே கேக்காத விஷயங்கள்தான், மாத்திரையை நிறுத்தினது, நடையைக் குறைச்சது, அந்தத் தொடை வலி. அதுக்கும் வர்றேன்.

கோட்டிங் எதுக்கு, எவ்வளவு நாளைக்கு

சிமெண்ட் இல்லாத ஸ்டெம்மை தொடை எலும்புக்குள்ள வைக்கும்போது முதல் நாள் அதைப் பிடிச்சு வச்சிருக்கறது இறுக்கம் மட்டும்தான், ஆப்பு அடிச்ச மாதிரி. அந்த இறுக்கம் நல்லா இருந்தா எலும்பு மெதுவா வந்து உலோகத்தோட சேரும். இங்கதான் ஒரு சின்ன கணக்கு இருக்கு, நீங்க அடி வைக்கும்போது ஸ்டெம்முக்கும் எலும்புக்கும் நடுவுல ஏற்படற அசைவு சுமார் 40 மைக்ரானுக்குள்ள இருந்தா எலும்பு வளரும், 150 மைக்ரானைத் தாண்டிட்டா எலும்புக்கு பதிலா நார் மாதிரி ஒரு சதைதான் வளரும், அது பிடிக்காது. ஒரு தலைமுடியோட தடிமனே 70 மைக்ரான் பக்கம்னு வச்சுப் பாருங்க, எவ்வளவு நுணுக்கமான விஷயம்னு புரியும்.

வழவழப்பான உலோகத்துல எலும்பு சரியா பிடிக்கறதில்ல. அதனால மேற்பரப்பை சொரசொரப்பாக்கறாங்க, இல்லன்னா சின்னச் சின்ன உலோக மணிகளை உருக்கி ஒட்டி துளைத்துளையா பண்றாங்க. அந்தத் துளை 100லிருந்து 400 மைக்ரான் வரைக்கும் இருந்தா எலும்பு உள்ளயே புகுந்து வளரும். ஹைட்ராக்ஸிஅபடைட்ங்கறது இதுல இன்னொரு வழி. அது ஏதோ பெயிண்ட் இல்லம்மா, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம், நம்ம எலும்புல இருக்கற முக்கியமான கனிமமே அதோட வகைதான். அதனால எலும்பு செல்கள் அதை அந்நியப் பொருளா பார்க்காம அதுமேலயே நேரா எலும்பை உண்டாக்க ஆரம்பிச்சுடும், நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாக்கூட பாலம் கட்டிடும். எலும்பு வந்து சேர்ற வேலை பெரும்பாலும் முதல் 6லிருந்து 12 வாரத்துல நடந்துடும், அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் எலும்பு தன்னைத் திருத்தி அமைச்சுக்கும்.

உங்க சொந்தக்காரர் சொன்னதுல பாதி உண்மை. அந்த கோட்டிங் வருஷக்கணக்குல மெதுவா குறையும், ஏன்னா நம்ம உடம்பு பழைய எலும்பை அரிச்சு புது எலும்பு வைக்கற வேலையை ஓயாம பண்ணிட்டே இருக்கு, அதுல இதையும் சேர்த்து எடுத்துடும். அவர் விட்டது மீதிப் பாதி. எடுத்த இடத்துல புது எலும்பு வந்து கீழ இருக்கற சொரசொரப்பான டைட்டானியத்தோட நேரா சேர்ந்துக்குது. தளம் போடறப்போ கீழ சென்ட்ரிங் பலகை அடிப்பாங்கல்ல, கான்கிரீட் இறுகினப்புறம் பலகையைப் பிரிச்சா தளம் விழறதில்லையே, அது மாதிரிதான்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னும் சொல்லணும். ஆரம்ப காலத்துல வழவழப்பான கிண்ணத்து (இடுப்பெலும்புக் குழியில வைக்கற பாகம்) மேலயே இந்தக் கோட்டிங்கை பூசி வச்சாங்க, கோட்டிங் போனதும் எலும்பு பிடிக்க கீழ ஒண்ணுமே இல்லாம நிறைய கிண்ணங்கள் கழண்டுச்சு. அதுலருந்து கத்துக்கிட்டுதான் இப்போ கோட்டிங்குக்கு கீழ சொரசொரப்பு கட்டாயம் வைக்கறாங்க. ஸ்டெம் கதை வேற. 1985ல ஃபர்லாங்ங்கற பிரிட்டிஷ் சர்ஜன் முழுக்க இந்தக் கோட்டிங் போட்ட ஸ்டெம்மை வச்சார், 1986ல பிரான்ஸ்ல கோரைல்ங்கற ஸ்டெம் வந்துச்சு, அந்த வகை இன்னிக்கும் உலகம் பூரா வைக்கறாங்க, 20 வருஷம் தாண்டியும் நல்லா இருக்கறவங்க ஏராளம். கோட்டிங் கரைஞ்சா கழண்டுடும்ங்கறது நிஜமா இருந்தா இது நடந்திருக்காது.

அப்போ ரிப்போர்ட்ல எலும்பு குறைஞ்சிருக்குன்னு ஏன் வந்துச்சு

இதுதான் நீங்க நிதானமா படிக்க வேண்டிய இடம், ஏன்னா கோட்டிங்குக்கும் எலும்பு ஆரோக்கியத்துக்கும் இருக்கற நிஜமான தொடர்பு இங்கதான் இருக்கு.

எலும்பு உயிருள்ளது, பாரம் வர்ற இடத்துல பலமாகும், பாரம் வராத இடத்துல மெலியும். ஜெர்மனியைச் சேர்ந்த யூலியஸ் வோல்ஃப் 1892லயே இதை எழுதி வச்சுட்டார். ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க உடம்பு பாரம் இடுப்புலருந்து தொடை எலும்போட மேல்பகுதி வழியாத்தான் இறங்குச்சு. இப்போ நடுவுல ஒரு உலோகத் தண்டு இருக்கு, டைட்டானியம் கலவை கெட்டியான எலும்பைவிட சுமார் 6 மடங்கு விறைப்பு, கோபால்ட் குரோம்ங்கற இன்னொரு உலோகக் கலவை இன்னும் அதுக்கு ரெண்டு மடங்கு. விறைப்பானது பாரத்தை தானே வாங்கிக்கிட்டு கீழ கொண்டுபோய் இறக்குது, மேல இருக்கற எலும்புக்கு வேலை குறைஞ்சு போச்சு, அதனால அது மெலியுது. பெரும்பாலும் மெலியறது சிறு தொடைமுடிச்சுக்கு (தொடை எலும்போட மேல்பகுதியில உள்பக்கம் இருக்கற சின்னப் புடைப்பு) பக்கத்துல உள்புறம் இருக்கற பகுதிதான், உங்க ரிப்போர்ட் சொன்ன அதே இடம். முதல் வருஷத்துல அங்க 10லிருந்து 20 சதவீதம் அடர்த்தி குறையறது சாதாரணமா பார்க்கறதுதான், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். முதல் ஆறு மாசம் வேகமா குறைஞ்சு, ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல பெரும்பாலும் ஒரு மட்டத்துல நின்னுடும்.

கோட்டிங் எங்க இருக்குங்கறது இதுல முக்கியம். நுனி வரைக்கும் துளைத்துளையான கோட்டிங் இருக்கற தடியான கோபால்ட் குரோம் ஸ்டெம்னா எலும்பு கீழ நல்லா பிடிச்சுக்கும், பாரம் முழுக்க அங்க போயிடும், மேல எலும்பு அதிகமா மெலியும். மேல்பகுதியில மட்டும் கோட்டிங் இருந்தா எலும்பு மேல பிடிக்கும், பாரமும் மேலயே இறங்கும், மெலிவு கம்மி. ஆனா இதுல ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கு, மேல்பகுதி எலும்பு ஏற்கனவே மோசமா இருக்கறவங்களுக்கு, ரெண்டாவது தடவை ஆபரேஷன் பண்றவங்களுக்கெல்லாம் நீளக் கோட்டிங்தான் பிடிமானம் தரும். எல்லாருக்கும் ஒரே கோட்டிங் சிறந்ததுன்னு சொல்ல முடியாததுக்கு இதுதான் காரணம்.

ரிப்போர்ட்ல வர்ற ரெண்டு விஷயத்தை மட்டும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க. அடர்த்தி குறைஞ்சிருக்குங்கறது நான் மேல சொன்ன பாரக் கணக்கு. எலும்பு அரிப்பு, குழி விழுந்திருக்குங்கறது வேற, அது பெரும்பாலும் கிண்ணத்துக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் தேஞ்சு வர்ற பொடியால உடம்பு கிளர்ந்து எலும்பை அரிக்கறது, கோட்டிங்குக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. 1990கள் கடைசியில கதிர்வீச்சு கொடுத்து உறுதியாக்கின பிளாஸ்டிக் வந்தப்புறம் அது ரொம்பவே குறைஞ்சுபோச்சு. நீங்க எழுதி அனுப்பின வரியில அரிப்புங்கற வார்த்தையே இல்ல.

தொடை வலியை சும்மா விடாதீங்க

எழுந்து முதல் சில அடியில தொடை நடுவுல வலிச்சு, நடக்க நடக்க குறையறது சிமெண்ட் இல்லாத ஸ்டெம் வச்சவங்ககிட்ட முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல பார்க்கறதுதான். விறைப்பான ஸ்டெம் நுனியும் வளையற எலும்பும் சந்திக்கற இடத்துல வர்ற வலியா இருக்கலாம், தானா சரியாயிடும். ஆனா அதே வலி ஸ்டெம் சரியா பிடிக்கலன்னாலும் வரும், உள்ள லேசா கிருமி இருந்தாலும் வரும், முதுகுத்தண்டுலருந்தும் வரும். அதனால இது அதுதான்னு கடிதத்தைப் படிச்சு என்னால சொல்ல முடியாது, நேர்ல பார்க்கணும்.

உங்க விஷயத்துல இன்னொரு காரணமும் சேருது. அலெண்ட்ரோனேட் மாதிரி மாத்திரைகளை பல வருஷம் சாப்பிட்டவங்கள்ல ரொம்பச் சிலருக்கு தொடை எலும்பு தண்டுல ஒரு மாதிரி மெல்லிய விரிசல் வரும், அது வர்றதுக்கு முன்னாடி தொடை வலிதான் எச்சரிக்கை. உங்களுக்கு அது இருக்கும்னு நான் சொல்லல, வாய்ப்பு கம்மிதான், ஆனா பார்க்காம விடக்கூடாது. இடுப்பு எக்ஸ்ரே மட்டும் எடுத்தா அது தெரியாம போகலாம், அதனால முழங்கால் வரைக்கும் முழு தொடை எலும்பும் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு காலுக்கும்.

அடுத்தது, ஆபரேஷன் முடிஞ்ச உடனே எடுத்த எக்ஸ்ரே, ஆறு வாரத்துல எடுத்தது, ஒரு வருஷத்துல எடுத்தது எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஒரே ஒரு படத்தைப் பார்த்து ஸ்டெம் பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்றது கஷ்டம், படத்துக்குப் படம் ஸ்டெம் கீழ இறங்கிட்டே போகுதா, கோட்டிங் இருக்கற இடத்தைச் சுத்தி கருப்புக் கோடு வந்து அகலமாகுதாங்கறதுதான் விஷயம். ஆரம்ப வாரங்கள்ல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் இறங்கி அப்புறம் அசையாம நின்னுடுச்சுன்னா பயப்பட ஒண்ணுமில்ல. ரத்தத்துல ஈஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் பாருங்க, உடம்புல அழற்சியோ கிருமியோ இருந்தா கூடற டெஸ்ட் அது, கூடியிருந்தா மூட்டுல ஊசி போட்டு நீர் எடுத்து கிருமி இருக்கான்னு பார்க்க வேண்டி வரும். போன் ஸ்கேன் (எலும்பு எங்க மும்முரமா வேலை செய்யுதுன்னு காட்டற படம்) எடுக்கலாம்னு யாராவது சொன்னா ஒரு வார்த்தை கேளுங்க, சிமெண்ட் இல்லாத ஸ்டெம்மைச் சுத்தி ரெண்டு வருஷம் வரைக்கும்கூட அது சாதாரணமாவே பளிச்னு காட்டும், 14 மாசத்துல அதை மட்டும் வச்சு ஒரு முடிவுக்கு வந்துடக்கூடாது.

மாத்திரையும் நடையும்

அலெண்ட்ரோனேட் எலும்பு ஒட்டறதைத் தடுக்கும்னு உங்ககிட்ட சொன்னவங்க எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு புரியுது, அது எலும்பை அரிக்கற செல்களோட வேலையை அடக்கற மருந்து, அப்போ புது எலும்பு வளர்றதும் நின்னுடும்னு நினைச்சிருப்பாங்க. ஆனா இடுப்பு மாற்று பண்ணவங்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள்ல ஸ்டெம்மைச் சுத்தி எலும்பு குறையறது கம்மியாத்தான் ஆச்சு. நீங்க எந்த இடத்து எலும்பு போகுதுன்னு பயந்தீங்களோ அதைக் காப்பாத்தற மருந்தையே நிறுத்தி வச்சிருக்கீங்கம்மா, அதைப் படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு.

இருந்தாலும் நாளைக்கே மறுபடி ஆரம்பிச்சுடாதீங்க. தொடை எக்ஸ்ரே முதல்ல, அதுல விரிசல் எதுவும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் உங்க டாக்டர்கிட்ட நிறுத்தினதைச் சொல்லிட்டு அவர் சொல்ற மாதிரி ஆரம்பிங்க. திட்டுவாரோன்னு மறைக்காதீங்க, நீங்க சாப்பிடறீங்கன்னு நினைச்சுக்கிட்டு அவர் எடுக்கற முடிவெல்லாம் தப்பாப் போகும். (இதைப் படிக்கறவங்கள்ல எலும்பு பலவீனத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப் ஊசி போடறவங்க இருந்தா, அதை நீங்களா நிறுத்தறது இன்னும் ஆபத்து, நிறுத்தினா எலும்பு வேகமா குறைஞ்சு முதுகெலும்பு ஒண்ணுக்கு மேல உடைஞ்சவங்க இருக்காங்க.)

எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுக்கும்போது வலது பக்கம் இம்ப்ளான்ட் இருக்குன்னு முன்கூட்டியே சொல்லுங்க. உலோகம் இருக்கற பக்கத்து கணக்கை வழக்கமான ரிப்போர்ட்ல எடுத்துக்க முடியாது, இடது இடுப்பும் முதுகெலும்பும்தான் பார்க்கணும். வைட்டமின் டி அளவையும் அதோட பார்த்துடுங்க.

நடை விஷயம். பாரம் வராத எலும்பு மெலியும்னு மேல சொன்னேன். நீங்க ஸ்டெம்மைக் காப்பாத்தறதா நினைச்சு நடையைக் குறைச்சா அந்த எலும்புக்கு வர்ற கொஞ்ச நஞ்ச வேலையும் போயிடும், தசையும் இளைக்கும், விழற வாய்ப்பு கூடும், ஸ்டெம் இருக்கற தொடையில விழுந்து எலும்பு உடையறதுதான் நீங்க நிஜமா பயப்பட வேண்டிய விஷயம். எக்ஸ்ரே பார்க்கற வரைக்கும் இப்போ நடக்கற அளவுலயே நடங்க, கூட்ட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எல்லாம் சரின்னு தெரிஞ்சப்புறம் ஃபிசியோகிட்ட போய் படிப்படியா கூட்டுங்க, இடுப்புக்கு வெளிப்பக்கத் தசைக்கான பயிற்சியும் சேர்த்து. அப்புறம் கைத்தடி வலது கையில வேண்டாம். வலது இடுப்புக்காகன்னா தடி இடது கையில இருக்கணும், வலது கால் முன்னாடி போகும்போது தடியும் கூடவே போகணும், அப்போதான் அந்த இடுப்புமேல வர்ற பாரம் குறையும். நிறையப் பேர் வலிக்கற பக்கமே பிடிச்சுக்கிட்டு வர்றாங்க, யாரும் சொல்லிக்கொடுக்கறதில்ல.

எடுத்துட்டு வேற போடறதும், இடது இடுப்பும்

எலும்போட நல்லா சேர்ந்துட்ட ஸ்டெம்மை வெளிய எடுக்கறது லேசு இல்லம்மா. பல நேரம் தொடை எலும்பை நீளவாக்குல அறுத்துத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். மேல்பகுதியில கொஞ்சம் அடர்த்தி குறைஞ்சதைப் பார்த்து பயந்து அதை எடுத்தா, அதைவிடப் பல மடங்கு எலும்பு அந்த ஒரு ஆபரேஷன்லயே போயிடும். ஸ்டெம் பிடிக்கல, கிருமி இருக்குன்னு ஆதாரத்தோட தெரிஞ்சா மட்டும்தான் அந்தப் பேச்சு.

இடது பக்கத்துக்கு டாண்டலம் கேக்கறீங்க. அது நல்ல பொருள், முக்கால் பங்குக்கு மேல துளைதான், எலும்பு மாதிரியே வளைஞ்சு கொடுக்கும், ஆனா அதோட பெரிய பயன் கிண்ணத்துப் பக்கம் எலும்பு நிறையப் போயிட்டவங்களுக்கு, மறு ஆபரேஷன்ல. முதல் தடவை ஆபரேஷனுக்கு விலை கூடின கோட்டிங் வச்சா எலும்பு கூட நாள் நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்ல. சுவீடன்ல 1979லிருந்து இடுப்பு மாற்று எல்லாத்தையும் பதிவு பண்ணி வைக்கறாங்க, அந்தப் பதிவை வச்சுப் பார்த்த ஆய்வுல ஸ்டெம்ல ஹைட்ராக்ஸிஅபடைட் இருந்தாலும் இல்லாட்டியும் மறு ஆபரேஷன் விஷயத்துல பெருசா வித்தியாசம் தெரியல. அதனால கோட்டிங் பேரைவிட உங்க எலும்போட வடிவமும் பலமும் என்ன சொல்லுதுன்னு கேக்கறதுதான் முக்கியம்.

அந்தக் கேள்விக்கு பதில் சிமெண்டாக்கூட இருக்கலாம். சிமெண்ட்னா பழைய காலத்து முறைன்னு ஒரு நினைப்பு இருக்கு, 1960கள்ல சார்ன்லிங்கற பிரிட்டிஷ் சர்ஜன் கொண்டுவந்த முறைதான், ஆனா இன்னிக்கும் வயசானவங்களுக்கு, எலும்பு பலவீனமா உள் குழாய் அகலமா இருக்கறவங்களுக்கு சிமெண்ட் ஸ்டெம்தான் பல டாக்டர்களோட முதல் தேர்வு, ஏன்னா சிமெண்ட் இல்லாததை இறுக்கி அடிக்கும்போதும் அதுக்கப்புறம் முதல் சில மாசத்துலயும் அந்த மாதிரி எலும்பு உடையற வாய்ப்பு அதிகம். உங்களுக்கு 64 வயசு, கூடவே எலும்பு பலவீனம், ரெண்டுல எதுவும் தப்புன்னு சொல்ல முடியாத இடத்துல இருக்கீங்க. இடது பக்கம் ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது மாத்திரை, வைட்டமின் டி, நடைன்னு எலும்பைத் தேத்திட்டுப் போனா எந்த ஸ்டெம் வச்சாலும் அதுக்கு நல்லது, வலி அதுவரைக்கும் தாங்கற அளவுல இருந்தா.

முன்னாடியே சொல்லலையேன்னு கேட்டீங்களே

உங்க வருத்தம் நியாயம். என்ன வகை, சிமெண்டா இல்லையா, ஏன் அதைத் தேர்ந்தெடுக்கறாங்க, வேற என்ன வழி இருக்கு, என்ன ஆபத்துன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது உங்க உரிமை, கையெழுத்து வாங்கிட்டா மட்டும் சம்மதம் ஆயிடாது. அதே நேரம் கோட்டிங் எத்தனை மைக்ரான்னு சொல்லாததை ஒரு தப்பா நான் பார்க்கல. இப்போ நீங்க செய்யக்கூடியது, உங்க ஆபரேஷன் குறிப்பையும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்க, ஒவ்வொரு பாகத்துக்கும் பேரு, சைஸ், லாட் நம்பர் அதுல இருக்கும். பிற்காலத்துல எம்ஆர்ஐ எடுக்கணும்னாலும், மறு ஆபரேஷன் வந்தாலும், அந்த மாடலைத் திரும்பப் பெறறாங்கன்னு அறிவிப்பு வந்தாலும் அந்த ஒரு தாள்தான் உதவும். ஒரு நகல் வீட்டுல யார்கிட்டயாவது கொடுத்து வைங்க. இன்னொரு எலும்பு டாக்டரோட கருத்து வேணும்னு தோணினா தயங்காம கேளுங்க, அதுக்கு உங்க டாக்டர் கோச்சுக்க மாட்டார்.

அந்த எக்ஸ்ரேயை ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடுங்க. ஆனா தொடை வலி திடீர்னு கூடினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ, கால் ஊன்ற முடியலன்னாலோ, அந்தக் கால் குட்டையான மாதிரி தெரிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் சிவந்து நீர் கசிஞ்சாலோ ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே போயிடுங்க.